கயிற்றை அவிழ்த்த பிறகு

ஞாயிறுதோறும் நெல்லைச் சீமையின் பொத்தைகளுக்கு இளவட்டங்களைக் கூட்டிப்போகும் மலையேற்றக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

வணக்கம். நான் பொத்தையடி ஊர் ஒன்றில் பிறந்தவள். பொத்தை என்றால் எங்கள் பக்கத்து மொட்டைப் பாறைக் குன்று. எங்கள் வீட்டுப் புறவாசலைத் திறந்தால் உடைமரக் காடு, அதைத் தாண்டினால் பாறை. என் தாத்தா அந்தப் பாறையில் நாற்பது வருஷம் வெள்ளாடு மேய்த்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நான் அவர் பின்னால்தான் திரிந்தேன். இப்போது பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன், ஒரு பள்ளியில் வேலை. மூன்று வருஷமாக உங்களைப் போன்ற ஒரு குழுவோடு சேர்ந்து கயிறு போட்டுப் பாறை ஏறவும் கற்றுவருகிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் போயிருந்தோம். காலை ஏழு மணியிலிருந்து நாலரை மணி வரை செங்குத்தான முகத்தில் ஏறி இறங்கினோம். தலையில் ஹெல்மெட், இடுப்பில் பட்டை. ஒருவர் போட்ட முடிச்சை இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கால் தரையை விட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சாயங்காலம் கயிற்றைச் சுருட்டினோம், ஹெல்மெட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டோம். உச்சியில் விட்டிருந்த இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சரிவு வழியாக இறங்க ஆரம்பித்தோம். ஆடு இறங்குகிற சரிவுதான். அன்றைக்கு எங்களில் நன்றாக ஏறிய பையன், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிப்பவன், திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே காய்ந்த ஊசிப்புல் மேல் கால் வைத்தான். புல்லுக்கு அடியில் சரளை. பத்துப் பன்னிரண்டு அடிதான் சறுக்கியிருப்பான். கீழே கிடந்த பாறையில் தொடை மோதி எலும்பு முறிந்தது. பையன் பிழைத்துக்கொண்டான், இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான்.

கயிறு கட்டி ஏறிய எண்பது அடிப் பாறை அவனை ஒன்றும் செய்யவில்லை. ஆட்டுப் பாதை செய்தது. அதனால்தான் இந்த மடல் முழுக்கப் பாறை முகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பாறைக்குப் போகிற வழி, பாறையின் காலடி, உச்சியிலிருந்து திரும்புகிற சரிவு, “இது சும்மா கையூன்றி ஏறிவிடலாம்” என்று நினைக்கிற இடங்கள், இவற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நம் பொத்தைகளின் வடிவத்தைக் கவனியுங்கள். படங்களில் வருகிற மலைகளைப் போல நம் பாறைக்குக் கத்தி வெட்டினாற்போன்ற விளிம்பு கிடையாது. யானை முதுகுதான். நடு முதுகில் நிற்கும்போது சமதரை மாதிரி இருக்கும். நாலடி தள்ளினால் லேசான சரிவு. இன்னும் நாலடியில் கொஞ்சம் கூடுதல். எந்த இடத்தில் முதுகு முடிந்து விலா தொடங்குகிறது என்று காலுக்குத் தெரியாது. கீழே எட்டிப் பார்க்கிறவனும் போட்டோ எடுக்கப் பின்னால் நகர்கிறவளும் விளிம்பைத் தேடிக்கொண்டே போகிறார்கள். விளிம்பு கண்ணில் படுகிற இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே திரும்ப முடியாத சரிவு வந்துவிடும். அங்கே பாறையின் மேல்தோல் பொடிந்து பருமணலாகக் கிடக்கும். அது செருப்புக்கு அடியில் கேழ்வரகைக் கொட்டினாற்போல உருளும்.

இதற்குத் தாத்தா ஒரு வழி வைத்திருந்தார். உச்சிக்குப் போனதும் ஒரு கல்லை எடுத்து, “இதுக்கு அங்கிட்டுப் போகப்படாது” என்று ஓர் இடத்தில் வைப்பார். எந்த இடம் என்று அவர் கண்டுபிடிக்கும் விதம் எளிது. நின்ற இடத்தில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுவார். தயங்கித் தயங்கிப் பரவினால் சரி, ஓடினால் அதற்கு மேல் ஆள் போகக்கூடாது. நீங்களும் செய்து பாருங்கள். உச்சியில் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் கலைந்து போவதற்கு முன்னால் பொறுப்பாளர் போய் நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு வரட்டும். ஐந்து நிமிஷ வேலை.

ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் திட்டம் போடும்போது ஏறுவதற்கு மட்டும்தான் நேரம் ஒதுக்குகிறோம். ஏறும்போது கண்ணும் கையும் முன்னால் போய்ப் பிடியைத் தேடும், கால் பின்னால் வரும். இறங்கும்போது எதையும் பார்க்காமல் காலைத்தான் முதலில் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதோடு சாயங்காலமாகிவிடும், தொடை நடுங்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், மனசு வீட்டுக்குப் போயிருக்கும். எந்த இடத்தையும் ஏறுவதற்கு முன், “இதே வழியில் என்னால் இறங்க முடியுமா?” என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் வாய்விட்டுப் பதில் சொல்லட்டும். முடியாது என்று ஒருவர் சொன்னாலும் குழு முழுக்க வேறு வழி பார்க்க வேண்டும். அந்த ஒருவரைக் கேலி பண்ண விடாதீர்கள். அடுத்த தடவை அவர் வாயைத் திறக்கமாட்டார், அதுதான் பயம்.

இறங்கும் முறையிலும் ஒரு தப்பு எல்லோரும் செய்கிறோம். சாய்ந்த பாறையில் பயம் வந்ததும் உடம்பு தானாகப் பாறைப் பக்கம் சாய்கிறது, அல்லது உட்கார்ந்து சறுக்கத் தொடங்குகிறது. இரண்டிலும் பாதத்தின் மேல் இருக்க வேண்டிய பாரம் வேறு பக்கம் போய்விடுகிறது. பாரம் இல்லாத பாதம் பாறையைப் பிடிக்காது. நிமிர்ந்து நில்லுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள், பாதம் முழுவதும் பாறையில் பதியட்டும், அடிகள் சின்னதாக இருக்கட்டும். அதற்கு மேல் செங்குத்தானால் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ஏணியில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். இரண்டு கை, இரண்டு கால், இந்த நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும். கையில் செல்போன் இருந்தால் கணக்கு உதைக்கும்.

கை வைக்கிற கல்லைத் தட்டிப் பார்க்கப் பழக்குங்கள். நம் பாறைகள் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்கிறவை. பார்க்கப் பாறையோடு ஒட்டியதுபோல் இருக்கும் பலகைக்கல், உள்ளே விலகி வெறுமனே உட்கார்ந்திருக்கும். காருகுறிச்சிப் பானையை வாங்கும்போது நம் அம்மாமார் விரலால் சுண்டிப் பார்க்கிறார்களே, அதே வேலைதான். கட்டியான ஓசை வந்தால் பிடிக்கலாம். பொக்கையாக ஒலித்தால் அதில் கையும் வைக்கக்கூடாது, காலும் வைக்கக்கூடாது. பிடித்தே ஆகவேண்டும் என்றால் வெளிப்பக்கம் இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்த வேண்டும்.

ஒருவர் கல்லைத் தள்ளிவிட்டால் அடிபடுவது அவரல்ல, அவருக்குக் கீழே இருப்பவர். பாறையின் காலடி நிழலாக, குளுமையாக இருக்கும். அதனால் முறைக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்து புளியோதறைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள், ஹெல்மெட்டையும் கழற்றி வைத்துவிட்டு. கல் விழுகிற இடமே அதுதான். நாற்பதடி உயரத்திலிருந்து விழுகிற கோழிமுட்டை அளவுக் கல் மண்டையை உடைக்கப் போதும். உச்சியில் ஒரு வெள்ளாடு நடந்தாலும் கல் உருளும், குரங்கு குதித்தாலும் உருளும். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் பாறையை விட்டு நன்றாக விலகிய மரத்தடியைத் தேர்ந்தெடுங்கள். ஹெல்மெட் பாறை கண்ணில் படுகிற இடத்தில் தலையில் ஏறி, திரும்ப வண்டிப் பக்கம் வந்த பிறகுதான் இறங்க வேண்டும். மலையேற்றத்துக்கு என்றே செய்த, இ.என். 12492 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிற ஹெல்மெட் வாங்குங்கள். பைக் ஹெல்மெட் போட்டால் மேலேயிருந்து கத்துவது கேட்காது. கட்டட வேலைத் தொப்பிக்கு உறுதியான தாடைவார் இல்லை, முதல் இடியிலேயே பறந்துவிடும்.

கல் உருண்டால் “கல்!” என்று கத்துங்கள். ஒரே வார்த்தை. “ஏலே, பாத்துலே, மேல இருந்து வருது” என்று சொல்லி முடிப்பதற்குள் அது வந்துவிடும். கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கக் கூடாது. பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இடுக்கு வழியில் ஏறும்போது ஒருவர் பின் ஒருவராக நீண்ட வரிசையில் போகாதீர்கள். ஒன்று, எல்லோரும் நெருங்கி, உருண்ட கல் வேகம் பிடிப்பதற்குள் தடுக்கிற தூரத்தில் போக வேண்டும். இல்லையென்றால் ஒருவர் முழுக்கக் கடந்து ஓரமாக ஒதுங்கிய பிறகு அடுத்தவர் கிளம்ப வேண்டும்.

சில குழுக்கள் சரிவான இடத்தில் எல்லோரையும் கைகோத்து இறக்குவதை நானே பார்த்திருக்கிறேன். இன்னொரு குழு மாட்டுக்குக் கட்டுகிற தாம்புக்கயிற்றை இடுப்பில் கட்டி, ஐந்து பேரைச் சங்கிலியாக இறக்கியது. அன்போடு செய்கிறார்கள், ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். பாறையிலோ மரத்திலோ உறுதியாகப் பிணைக்காத கயிறு யாரையும் காப்பாற்றாது, விழுகிறவர் மற்ற நால்வரையும் இழுத்துக்கொண்டு போவார். தாம்புக்கயிறு நீளாது. விழுந்த வேகம் அத்தனையும் ஒரே வெட்டாக இடுப்பில் இறங்கும். கயிறு வேண்டியிருக்கிற இடம் என்று மனசுக்குப் பட்டால் முறையாகப் பிணைத்த, மலையேற்றத்துக்கான கயிறு போடுங்கள். அது கையில் இல்லையா, திரும்பிவிடுங்கள்.

கைவிட்ட கல்குவாரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, சுவர் செங்குத்தாக இருக்கிறது என்று அங்கே பயிற்சி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வெடி வைத்த பாறை உள்ளுக்குள் எத்தனை விரிசல் விட்டிருக்கும் என்று வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் சிக்கியதும், நான்கு பேர் இறந்ததும், மீட்கப் போனவர்கள் மேலும் பாறை சரிகிறதே என்று நாள்கணக்கில் தவித்ததும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பல வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கே அந்தக் கதி. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு அந்த இடம் வேண்டாம்.

மழையைப் பற்றி. சாரல் காலத்தில் பாறையின் நிறம் மாறும் இடத்தைப் பாருங்கள். கறுப்புப் பட்டையாக வழிந்திருப்பது தண்ணீர் ஓடும் தடம். காய்ந்திருந்தால் பிடிமானம் உண்டு, நனைந்தால் பாசி உயிர்த்து வெண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். மேலே மலையில் பெய்வது கீழே வெயிலில் நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். ஓடைத் தடத்தையே பாதையாக வைத்துப் பாறைக்குப் போகிற குழுக்கள், மலைப்பக்கம் கறுத்திருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும். மொட்டைப் பொத்தையின் உச்சியில் நிற்கும் ஆள்தான் அந்த வட்டாரத்திலேயே உயரமான பொருள். முதல் இடி கேட்டதும் இறங்கத் தொடங்க வேண்டும், தூரத்தில்தானே என்று இருக்கக் கூடாது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: அப்போது புடவுக்குள், அதாவது பாறைக் குகைக்குள், ஒதுங்கக் கூடாது. பாறை மேல் இறங்கிய மின்சாரம் மேற்பரப்பு வழியாக வந்து புடவின் வாயில் மேலிருந்து கீழே தாவும். நடுவில் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் அது பாயும். நனைந்தாலும் பரவாயில்லை, சரிவில் கீழே இறங்கி, தனி மரத்தை விட்டு விலகி இருப்பதே மேல்.

புடவுக்குள் தலை நுழைக்காமல் இருப்பதற்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. கரடி பகலில் அங்கேதான் படுத்திருக்கும். 2022 நவம்பரில் கடையம் பக்கம் சிவசைலத்துச் சாலையிலேயே கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியது. அதன் வீட்டுக்குள் நாம் போனால் என்ன ஆகும்? அப்புறம் மலைத்தேனீ. புடவின் கூரையில் முறம் அளவு அடை தொங்கும். புகை, வாசனைத் தைலம், கூச்சல் எதுவும் அதற்குப் பிடிக்காது. கிளம்பிவிட்டால் தரையில் இருப்பவராவது முகத்தை மூடிக்கொண்டு ஓடலாம், பாறையில் பாதி ஏறியவர் எங்கே ஓடுவார்? ஏறுவதற்கு முன்னால் அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே சுரண்டி எடுக்க வேண்டும்.

பாம்புக்குப் பயந்து மலையை விட வேண்டியதில்லை. கண் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது, அவ்வளவுதான். சுருட்டை விரியன் காய்ந்த கல்லிடுக்கில் சுருண்டு கிடக்கும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய்வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கையில் கட்டிய கயிறு, வாட்ச்சைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ கம்பு வைத்து அசையாமல் ஆக்கி, ஆளை நடக்கவிடாமல் தூக்கி வந்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

அனுமதி விஷயத்தில் நீட்டிப் பேச மாட்டேன். பாபநாசம், களக்காடு, திருக்குறுங்குடி, மாஞ்சோலைப் பக்கமெல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். நினைத்த நேரத்தில் நுழைகிற இடமல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்சரிவில் தீ ஆளை விட வேகமாக ஏறும். அரசு 2024-இல் 40 மலையேற்றப் பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்யும் வழியைத் திறந்திருக்கிறது. காட்டுக்குள் போக ஆசைப்படுகிறவர்கள் அதில் பதிந்து, வழிகாட்டியோடு போகட்டும். அப்புறம், கழுகுமலை, மறுகால்தலை மாதிரி சிற்பமும் கல்வெட்டும் இருக்கிற பாறைகள் நம் முன்னோர் சொத்து. அங்கே ஒரு பிடிகூட ஏற வேண்டாம்.

இப்போது எனக்கு ரொம்ப வலித்த விஷயத்துக்கு வருகிறேன். பையன் விழுந்த அன்றைக்கு 108-க்குப் போன் போட்டோம். பேசிய பெண் பொறுமையாக, “எந்த ஊர், எந்த இடம்?” என்று கேட்டார். நாங்கள் அந்தப் பாறைக்கு எங்கள் வாட்சப் குழுவில் வைத்திருந்த பேரைச் சொன்னோம். அந்தப் பேர் அந்த வட்டாரத்தில் ஒரு ஆளுக்கும் தெரியாது. ஊரில் அதற்கு வேறு பேர், எத்தனையோ தலைமுறையாக இருக்கிற பேர். எந்தப் பஞ்சாயத்து என்று கேட்டார், அதுவும் தெரியவில்லை. பொத்தையின் பின்பக்கம் சிக்னல் இல்லாமல் இருப்பிடத்தை அனுப்ப முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் பொத்தையின் அந்தப் பக்கத்து ஊரில் போய் நின்றது. கடைசியில் ஆடு ஓட்டி வந்த ஒரு பெரியவர்தான் வழி காட்டினார். ஊர்ப் பையன்கள் கட்டிலைக் கொண்டுவந்து தூக்கினார்கள். பையன் ரோட்டுக்கு வர நாலு மணி நேரம் ஆயிற்று. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நாலு மணி நேரமும் உட்கார்ந்திருந்தவள் நான். நான் பிறந்த ஊர் மாதிரியே ஒரு ஊர். அதன் பேரைக் கேட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஆகையால் உங்களிடம் கேட்பது இது. பாறைக்குப் போகும் முன் ஊருக்குள் போங்கள். டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, பொத்தைக்கு ஊரார் சொல்கிற பேர், பஞ்சாயத்தின் பேர், அடிவாரக் கோவில், ஆம்புலன்ஸ் வரக்கூடிய கடைசி இடம், சிக்னல் கிடைக்கிற இடம், இவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பிரதியைக் கடைக்காரரிடம் கொடுத்து, எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லுங்கள். இன்னொன்று குழுவில் ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும், பொறுப்பாளரே விழுந்துவிட்டால் மற்றவர்களுக்கு வேண்டுமே. ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்கிற வழியில் போகாதீர்கள். அவர்கள் காரணம் சொல்லத் தெரியாமல் “அங்க சரியில்ல” என்று மட்டும் சொன்னாலும் கேளுங்கள்.

ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் வேண்டும். நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். உலகம் முழுக்க மலையில் இதுதான் வழக்கம். கேட்டவர் நிமிஷத்துக்கு மூன்று தடவை ஊதிப் பதில் சொல்ல வேண்டும். தொண்டை கட்டிய பிறகும் விசில் ஊதலாம். விழுந்தவரைக் கையும் காலுமாகத் தூக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் அதே இடத்தில் வைத்து, ரத்தம் வருகிற இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, உடம்பு குளிராமல் போர்த்திவிட்டு, ஆள் வரும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். பாவமாக இருக்கிறதே என்று காபி வாங்கிக் கொடுக்காதீர்கள், ஆபரேஷன் தேவைப்பட்டால் அதுவே தடையாகும்.

குழுவின் அளவையும் குறையுங்கள். ஒரு பொறுப்பாளர் நாற்பது பேரைப் பாறைச் சரிவில் பார்த்துக்கொள்ள முடியாது. என் அனுபவத்தில் எட்டுப் பேருக்கு ஒருவர், அவருக்குத் துணையாகக் கடைசியில் வரும் ஒருவர், அதற்கு மேல் என்றால் கண் போதாது. நாலு மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். மேற்கே மலை இருப்பதால் அடிவாரத்தில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும்.

அந்தப் பெரியவரை அப்புறம் நான் போய்ப் பார்த்தேன். எழுபது தாண்டியவர், இன்றும் தினமும் பொத்தை ஏறுகிறார். எந்தச் சரிவில் மழைக்குப் பின் எத்தனை நாள் கால் வைக்கக் கூடாது, எந்தப் பலகைக்கல் போன வருஷம் விலகியது, தேனீ எந்த மாதம் எந்தப் புடவில் அடை கட்டும், எல்லாம் சொன்னார். அவரை அழைத்து உங்கள் குழுக்களுக்கு வழி காட்டச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், அதற்கு உரிய கூலியும் கொடுக்க வேண்டும். அவரிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். வருகிற மார்கழி இரண்டாவது ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்த ஊர் டீக்கடையில் அவரும் நானும் இருப்போம். குழுவுக்கு இரண்டு பேர் வந்தால் போதும். கயிறு கொண்டுவர வேண்டாம், அன்றைக்கு ஆட்டுப் பாதையில் ஏறி இறங்க மட்டும்தான் போகிறோம். ஹெல்மெட்டும் விசிலும் எடுத்துவாருங்கள்.

அன்புடன்,
பொத்தையடி ஊர்க்காரி ஒருத்தி
பாளையங்கோட்டை